வேரை வேராகவே வாங்குங்கள்: கொள்முதல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூலிகைத் தேநீரும் துணை உணவு மாத்திரைகளும் தயாரிக்கும் நிறுவனங்களில், வேர்ச் சரக்கை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

வேர் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்து, இது கொள்ளத்தக்கது, இது தள்ளத்தக்கது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகள் வாங்குபவர் சார்பிலும் சில ஆண்டுகள் விற்பவர் சார்பிலும் அதைச் செய்திருக்கிறேன். ஆகவே இரு தரப்பின் சங்கடங்களும் எனக்குத் தெரியும். உங்கள் மேசைக்கு வந்து சேரும் பகுப்பாய்வுச் சான்றிதழ்கள் எப்படி உருவாகின்றன என்பதும் தெரியும். அந்தப் பழக்கத்தின் பேரில் உங்கள் முன் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கிறேன். டன் கணக்கில் வாங்கும் வேரைப் பொடியாக வாங்காதீர்கள், வேராகவே வாங்குங்கள். முழு வேராக வாங்க இயலாத இடத்தில், தோலும் உட்கட்டையும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும் அளவிலான துண்டுகளாக வாங்குங்கள். அரைப்பது அதன் பிறகு நடக்கட்டும், உங்கள் ஆலையிலோ, உங்கள் ஆள் முன்னிலையில் வேறொருவர் ஆலையிலோ.

ஒரு வேரை முறித்துப் பார்த்தவுடன் தெரிந்துவிடும் செய்திகள் ஏராளம். அசுவகந்தா என்றும் சொல்லப்படும் அமுக்கராவை எடுத்துக்கொள்வோம்; துணை உணவுச் சந்தையில் இன்று மிகுதியாகக் கேட்கப்படும் வேர்களில் அது ஒன்று. நன்கு விளைந்த வேர் வெளியே மங்கிய பழுப்பாகவும் உள்ளே பால்வெண்மையாகவும் இருக்கும். நெடுக்கில் மெல்லிய சுருக்கங்கள் ஓடும். நன்றாகக் காய்ந்திருந்தால் வளையாமல் பட்டென்று முறியும், முறிந்த முகத்தில் மாவுத்தன்மை தெரியும். அறுவடை தாமதமான செடியின் வேர் கட்டை தட்டி நார் நாராகப் பிரியும். அவசரப்பட்டுப் பிடுங்கிய வேர் விரல் பருமனை எட்டாமல் சுருங்கிக் கிடக்கும். வேர்முடியில் தண்டின் அடிக்கட்டை எவ்வளவு விடப்பட்டிருக்கிறது, காயவைத்த இடம் களமா வெறும் மண்தரையா, மூட்டைக்குள் போகும்போது ஈரம் இருந்ததா என்பவற்றையும் பழகிய கண்ணும் கையும் மூக்கும் சொல்லிவிடும். அரைவை இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்த பின் இவற்றில் எதுவும் மிஞ்சுவதில்லை. நுண்ணோக்கியின் கீழ் மாவுத்துகள்களையும் நாளங்களையும் தேடிப் பிடித்து ஓரளவு மீட்கலாம்; சரக்கு சாரமாக மாறிவிட்டால் அதற்கும் வழியில்லை.

அடையாளம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இத்துறையில் இருப்பவர் எவரும் மறக்கக்கூடாத நிகழ்வு ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் எடையைக் குறைப்பதற்கான ஒரு சிகிச்சையில் சீன மூலிகைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்னும் கொடியின் வேராக இருந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்ததோ அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி, அதாவது ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். சீன மொழியில் இரண்டுக்கும் ‘ஃபாங் ஜி’ என்பதே பொதுப்பெயர். முன்னால் வரும் அடைமொழிதான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கிறது. அந்த அடைமொழி வணிகப் பாதையில் எங்கோ உதிர்ந்துபோனது. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. பலருக்கு டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது. சிலருக்குப் பிற்காலத்தில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் கண்டது. 1993-இல் மருத்துவ இதழ் வழியாக இது உலகறியச் செய்தியானது. அங்கே விநியோகிக்கப்பட்டது பொடி. முழு வேராக வந்திருந்தால், இரண்டையும் கையாண்டு பழகிய ஒருவர் மூட்டையைத் திறந்தபோதே ஐயப்பட்டிருக்கக்கூடும். பொடியைப் பார்த்து ஐயப்படுவதற்கு எவருக்கும் எந்தக் காரணமும் இருக்கவில்லை.

தேநீர் தயாரிப்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான ஒரு நிகழ்வு 1978-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. விற்பனைக்கு வந்த, பர்டாக் என்னும் செடியின் வேர்த் தேநீரைக் குடித்த ஒருவருக்கு, சில செடிகளில் உள்ள அட்ரோபின் என்னும் நச்சுப்பொருள் ஏறியதற்கான அறிகுறிகள் தோன்றின. பர்டாக் செடியில் அட்ரோபின் கிடையாது. அட்ரோபின் கொண்ட பெல்லடோனா போன்ற வேறொரு செடியின் வேர் அதில் புகுந்திருக்க வேண்டும் என்பதே அதற்கான விளக்கம். காயவைத்து நறுக்கிய பின் இரண்டும் பழுப்பு நிறச் சில்லுகளே. சில்லு சிறியதாகச் சிறியதாகத் தவறு பெரியதாகிறது.

மேலே சொன்னவை கைத்தவறுகள். தெரிந்தே செய்யப்படும் கலப்படத்துக்கு வழி திறந்துவிடுவது பல வேளைகளில் உங்கள் கொள்முதல் நிபந்தனைகளே என்பதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. அமுக்கராவுக்கு நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே ஓர் எண், அச்செடியின் செயல்படு பொருளாகக் கருதப்படும் விதனோலைடு இத்தனை சதவீதம் என்று. அந்த எண்ணை வேரிலிருந்து எட்ட வேண்டுமானால் நல்ல விதை வேண்டும், நீர் தேங்காத மண் வேண்டும், ஐந்தாறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். இலையிலிருந்து எட்டுவதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. விதனோலைடு குடும்பத்தைச் சேர்ந்த விதஃபெரின்-ஏ வேரைவிட இலையில் மிக அதிகம். வேரைப் பிடுங்கிய பின் வயலோரத்தில் குவிந்து கிடக்கும் இலைக்கு விலையும் இல்லை. ஆகவே இலை பொடிக்குள் போகிறது. சிறிதளவு பசுமை தட்டினால் எவரும் கவனிப்பதில்லை. சாரத்துக்குள் போனால் அந்தப் பசுமையும் தெரியாது. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் மருந்து தயாரிப்பாளர்களுக்கு, அமுக்கரா இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியதற்கு இந்த வழக்கம் பரவியதே பின்னணி. நீண்ட காலமாக மக்கள் உண்டு வந்தது வேரை. இலைக்கு அப்படியொரு நெடிய பயன்பாட்டு அனுபவம் உட்கொள்ளும் மருந்தில் இல்லை. விதனோலைடு மொத்த அளவு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் சொல்லும்போது அது பொய் சொல்வதில்லை. எங்கிருந்து வந்த விதனோலைடு என்று நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. முழு வேரை வாங்குபவரிடம் இலையை விற்க எவராலும் முடியாது.

சான்றிதழைப் பற்றி இன்னும் ஒரு சொல். அமெரிக்காவில் 2007-இல் வெளியான துணை உணவு உற்பத்தி விதிகள், ஒவ்வொரு மூலப்பொருளின் அடையாளத்தையும் தயாரிப்பாளர் தாமே குறைந்தது ஒரு சோதனையாலோ ஆய்வாலோ உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. மற்றக் கூறுகளுக்கு விற்பவரின் சான்றிதழை நிபந்தனையுடன் ஏற்கலாம், அடையாளத்துக்கு ஏற்க முடியாது. அந்த நாட்டில் விற்காதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வேரின் அடையாளத்தை உறுதிசெய்ய ஆகக் குறைந்த செலவில் உள்ள கருவி, பயிற்சி பெற்ற ஒருவரின் கண். பொடியாக வாங்குபவர் அந்தக் கருவியைத் தாமே பறிகொடுத்துவிட்டு, சரக்கின் வேதிப்பொருட்களைப் பிரித்துக் காட்டும் மென்படலக் குரோமட்டோகிராபிக்கும் டி.என்.ஏ. சோதனைக்கும் செலவழித்துக்கொண்டிருக்கிறார். அச்சோதனைகள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. கண் பார்த்து ஐயப்பட்ட இடத்தில் அவை உறுதிசெய்ய வேண்டும். பார்க்கவே இயலாத சரக்குக்கு அவற்றை ஒரே துணையாக்குவது தவறு.

முழு வேராக வந்தாலும் ஏமாற்றம் நேரும் என்பதற்கு நானே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரிச் சரக்கைப் பார்க்கப் போனேன். மாலை மங்கிக்கொண்டிருந்தது; முன்வரிசை மூட்டைகளின் வாயைப் பிரித்து, மேலாகக் கையளவு எடுத்துப் பார்த்து, நல்ல பருமனான வேர் என்று கையெழுத்திட்டுவிட்டேன். இறக்கி வைத்துப் பிரித்தபோது, அந்த மேலடுக்குக்குக் கீழே தண்டின் அடிக்கட்டையும் சல்லிவேரும் மண்ணுமாக இருந்தது. விற்றவரைக் குறை சொல்வதைவிட என்னைக் குறை சொல்வதே நியாயம், ஏனென்றால் எப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, ஐந்து மூட்டைவரை இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும், ஆறு முதல் 50 வரை இருந்தால் ஐந்திலிருந்தும், 50-க்கு மேல் போனால் பத்து சதவீத மூட்டைகளிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் கைவைக்க வேண்டும். அன்றைய சரக்கில் ஒரு நன்மையும் இருந்தது: அடிக்கட்டையைப் பொறுக்கி எடுத்து, எடைபோட்டு, இவ்வளவு கழிவு என்று காட்டிக் கணக்கைத் தீர்க்க முடிந்தது. பொடியாக வந்திருந்தால் எதைப் பொறுக்குவது?

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேரை வாங்குபவர் எப்போதும் சிறிதளவு மண்ணையும் வாங்குகிறார். பொடியில் கலந்த மணலைக் கண்டுபிடிக்க, எரித்துச் சாம்பலாக்கி, அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டு, கரையாமல் நிற்பதை நிறுக்க வேண்டும். அமுக்கராவுக்கு இப்படிக் கரையாமல் நிற்கும் சாம்பல் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது இந்திய ஆயுர்வேத மருந்துநூல். முழு வேரில் இந்தப் பாடெல்லாம் இல்லை. வெள்ளைத் துணியில் பத்து வேரை உதறினால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆனால் கண்ணுக்கு எல்லை உண்டு. அதை மறைத்துவிட்டு என் கோரிக்கையை வலியுறுத்துவது நேர்மையாகாது. மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய காட்மியமும் ஈயமும் முறித்துப் பார்த்தாலும் முகர்ந்து பார்த்தாலும் தெரியா. உலக சுகாதார நிறுவனம் மூலிகைப் பொருட்களுக்கு ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம் என எல்லை சொல்கிறது, அதை ஆய்வகம்தான் அளக்க வேண்டும். அதிமதுரத்தில் பூஞ்சை விட்டுச்செல்லும் ஓக்ராடாக்சின் என்னும் நச்சு, பூஞ்சையின் தடம் மறைந்த பின்னும் இருக்கும்; அதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் அவ்வேருக்குக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று தனி வரம்பு வைத்திருக்கிறது. முழுச் சரக்கிலேயே ஏமாற்றிய கதையும் உண்டு. வங்கதேசத்தில் உலர்ந்த மஞ்சள் கிழங்குக்கு நிறமேற்ற, மெருகேற்றும் கட்டத்தில் ஈய குரோமேட் என்னும் நச்சு மஞ்சள் நிறமி பூசப்பட்டதை 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. முழுக் கிழங்கில்தான் அது பூசப்பட்டது. கண்ணுக்கு அழகாகவும் இருந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, அளவுக்கு மீறிப் பளபளக்கும் சரக்கை மூக்கால் முகர்வதற்கு முன் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்பதே. அளவுக்கு மீறி வெளுத்த வேருக்கும் இது பொருந்தும். கந்தகப் புகை காட்டி வெளுக்கவைக்கும் பழக்கம் வேர் வணிகத்தில் புதிதன்று. வெளிர்ந்த நிறத்தைத் தரத்தின் அடையாளமாக நிபந்தனையில் எழுதுகிறவர்கள் அந்தப் புகையைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

உங்களில் தேநீருக்கு வாங்குபவர்களும் மாத்திரைக்கு வாங்குபவர்களும் ஒரே வேரை வாங்கினாலும் ஒரே தேவைக்கு வாங்கவில்லை. தேநீருக்குப் போகும் வேர் கொதிநீரைச் சந்திக்கிறது. நீரில் இறங்குவது மட்டுமே உடலுக்குள் போகிறது, சக்கை எறியப்படுகிறது. மாத்திரைக்குள் போகும் பொடி எந்தச் சூட்டையும் சந்திக்காமல் முழுதாக உள்ளே போகிறது. மருந்துநூல்கள், கொதிநீர் ஊற்றிக் குடிக்கும் மூலிகைக்கு வேறு நுண்ணுயிர் வரம்பும், அப்படியே விழுங்கும் மூலிகைக்குக் கடுமையான வேறு வரம்பும் வைத்திருப்பது இதனால்தான். முன்னதற்கான சரக்கைப் பின்னதற்குத் திருப்பிவிடும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். நுண்ணுயிர் எண்ணிக்கை மிகுந்துவிட்ட பொடியைக் காப்பாற்ற, நுண்ணுயிரைக் கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயு ஏற்றுவதும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் உணவுப்பொருளில் அதை அனுமதிப்பதில்லை. கழுவி, விரைவாகக் காயவைத்த முழு வேருக்கு நீராவிச் சுத்திகரிப்பு பெரும்பாலும் போதுமானது. நொறுங்காத வேரில் மணமும் எண்ணெயும் நீடிக்கும். அரைத்த நாளிலிருந்து அவை காற்றுக்குப் போகத் தொடங்கிவிடும். வண்டுக்கு மட்டும் முழு வேர், பொடி என்ற பேதம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் முழு வேரில் துளை தெரியும்.

இதற்கு நீங்கள் சொல்லும் மறுப்புகளை நேரில் கேட்டிருக்கிறேன். முழு வேர் இடத்தை அடைக்கிறது, கப்பல் பெட்டியில் பாதி காற்றைத்தான் ஏற்றி வருகிறோம் என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் அழுத்திக் கட்டிய சிப்பங்களாக வாங்கினால் அந்த இழப்பில் பெரும்பகுதி குறையும், நறுக்கிய துண்டுகளாக வாங்கினால் மேலும் குறையும். எங்களிடம் அரைவை ஆலை இல்லை, வேர்த்தூசு தீப்பிடிக்கக்கூடியது, அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு பெருஞ்செலவு என்பது இரண்டாவது. இதற்கு நீங்கள் ஆலை கட்ட வேண்டியதில்லை. முழுச் சரக்கைப் பார்த்து, மாதிரி எடுத்து, மூட்டைகளுக்கு முத்திரையிட்ட பின், அந்த முத்திரையை உங்கள் ஆள் முன்னிலையில் உடைத்து அரைக்கச் சொல்லுங்கள். அரைத்த பொடியோடு, அதே தொகுதியின் முழு வேரில் ஒரு கிலோவையாவது தனியே கட்டி, பொடியின் ஆயுட்காலம் முடியும்வரை பாதுகாத்து வையுங்கள். புகார் வரும் நாளில் வழக்கறிஞரைவிட அந்த ஒரு கிலோ பயன்படும்.

விலையைச் சொல்லும்போது எடையை மட்டும் சொல்லாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். வந்திறங்கிய எடைக்குப் பணம் என்றால், ஈரமும் மண்ணும் வேரின் விலைக்கு விற்கும். ஈரப்பதத்தைக் கழித்த உலர் எடைக்கு விலை பேசி, பருமனான ஆணிவேருக்கு ஒரு விலை, சல்லிவேருக்கு ஒரு விலை என்று பிரித்தால், களத்தில் உட்கார்ந்து தரம் பிரிப்பவருக்கு அந்த உழைப்புக்கான கூலி கிடைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே விலை கொடுப்பவர்களிடம் எல்லாமே ஒன்றாக அரைக்கப்பட்டுத்தான் வரும்.

காலத்தைப் பற்றி நீங்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். அமுக்கரா ஒரு பருவத்தில் விளைந்துவிடும். அதிமதுரத்துக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும். காட்டில் வளரும் அமெரிக்க ஜின்செங், ஐந்து வயது நிரம்பாமல் அந்த நாட்டிலிருந்து ஏற்றுமதியாக முடியாது. உங்கள் கொள்முதல் ஆணையோ பதினைந்து நாளில் சரக்கு வேண்டும் என்று வருகிறது. இலையை விற்பவர் மறுபடி தளிர்க்கும்வரை காத்திருக்கலாம். வேரை விற்பவர் செடியையே விற்றுவிடுகிறார். ஆகவே விலை ஏறிய ஆண்டில் முதிராத வேரும் பிடுங்கப்படுகிறது, விலை விழுந்த ஆண்டில் முதிர்ந்த வேர் மண்ணிலேயே கட்டை தட்டுகிறது. விதைப்புக்கு முன்பே அளவையும் குறைந்தபட்ச விலையையும் எழுதிக் கொடுக்கும் நிறுவனத்துக்கு நல்ல வேர் ஒதுக்கி வைக்கப்படும். கடைசி நேரத்தில் வந்து கேட்பவருக்கு எது கிடைக்கும் என்பதை முந்தைய பத்திகளில் சொல்லிவிட்டேன்.

காட்டு வேர்களில் இது இன்னும் கடுமையானது. கோஷ்டம் 1985-இலிருந்து அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. சடாமாஞ்சிலும் கடுகுரோகிணியும் 1997-இல் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. இவற்றைப் பொடியாக விற்க முன்வருபவரிடம் அனுமதி ஆவணம் கேட்காமல் வாங்குவது, குற்றத்தில் பங்காளியாவதற்குச் சமம்; பொடிக்குள் எந்தச் செடி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று எந்தச் சுங்க அதிகாரியாலும் பார்த்துச் சொல்ல முடியாது. கிழங்கைப் பொடியாக்காமல் கேட்பதால் காடும் பிழைக்க முடியும் என்பதற்கு, தென் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைப் பகுதியில் விளையும் ஹார்ப்பகோஃபைட்டம் என்னும் மருந்துக் கிழங்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் தாய்க்கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஓடும் துணைக்கிழங்குகளை மட்டும் எடுத்துக் குழியை மூடினால் செடி பிழைத்துக்கொள்ளும். துணைக்கிழங்கைச் சில்லாக வெட்டிக் காயவைத்த நிலையில் வாங்குபவருக்கு, தாய்க்கிழங்கு கலந்திருக்கிறதா என்று கேட்கவும் பார்க்கவும் இடமிருக்கிறது.

எனவே உங்கள் அடுத்த கொள்முதல் ஆணையில் ‘வேர்ப் பொடி’ என்ற இடத்தை அடித்துவிட்டு, ‘முழு உலர் வேர்’ அல்லது ‘பெருந்துண்டு’ என்று எழுதுங்கள். அதன் கீழே தாவரத்தின் முழு அறிவியல் பெயர், எடுத்த உறுப்பு வேர் மட்டும் என்ற உறுதி, அறுவடை மாதமும் செடியின் வயதும், விளைந்த மாவட்டம் அல்லது காட்டுப் பகுதி, காயவைத்த முறை, உலர் எடையின் மேல் விலை ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். விற்பவர் அந்த இடங்களில் எதை நிரப்பத் தயங்குகிறார் என்று கவனியுங்கள். மாதிரி எடுக்கும் நாளில் உங்கள் ஆய்வகத்தில் பணியாற்றும் ஒருவரைக் கிடங்குக்கு அனுப்பி, மூட்டையின் அடிவரை கைவிட்டு எடுத்து, முறித்து, முகர்ந்து, எழுதச் சொல்லுங்கள். முதல் சில சரக்குகளுக்கு உடன் இருந்து கற்றுக்கொடுக்க என்னைப் போன்றவர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். எங்களில் பெரும்பாலோருக்கு வயதாகிவிட்டது என்பதால், இந்த ஆண்டே அழைப்பது நல்லது.

தங்கள் உண்மையுள்ள,
வேர்த் தரம் பார்ப்பவர் ஒருவர்